பெரியம்மாவுக்கு ஏற்றிய கொடி

என் செல்ல மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தம்பியும் அவன் பெண்டாட்டியும் நல்லபடியாக இருக்கிறோம், என் இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது, அதை விடு. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகள் இருவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நினைப்பில்தான் பேனாவைத் திறந்திருக்கிறேன். போனில் பேசாமல் இதென்ன புதுப் பழக்கம், அப்பாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பதறாதே. மூன்று ஞாயிற்றுக்கிழமையாகப் போனில் சொல்லத்தான் பார்த்தேன். நீ அப்பா என்றதும் சாப்பிட்டாச்சா, அங்கே குளிரா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். அதனால் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் டியூட்டிக்கு நடுவில் நின்றுகொண்டு படிக்காதே. வீட்டுக்குப் போய், வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு, உட்கார்ந்து படி.

முதலில் வீட்டுச் சமாச்சாரம். உன் தம்பி துணி துவைக்கிற மெஷின் வாங்கியிருக்கிறான், அது சுற்ற ஆரம்பித்தால் நடக்கவும் ஆரம்பித்துவிடுகிறது, போன வாரம் வாசல் வரை வந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பஸ் ஏறியிருக்கும். மாடியில் உன் அறையில் ஒழுகின இடத்தை அடைத்தாயிற்று. அந்தக் கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்துவிட்டது, மாற்றிவிடலாம் என்றான், நான் வேண்டாம் என்று சத்தம் போட்டேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, வயதாகிவிட்டால் இப்படித்தான் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தான், என் காதிலும் விழுந்தது. ஏன் வேண்டாம் என்றேன் என்று உனக்குச் சொல்லத்தான் இவ்வளவும். முகத்துவாரத்தில் மண் அள்ளுகிறார்களே, அங்கே நான்கு மாதத்துக்கு முன்னால் பெரியம்மா அகப்பட்டாள். முழுதாக இல்லை. முன்பக்கத்து இரும்பும் மணியும் புகைபோக்கியில் பாதியும் வந்தன. மணியை நம் கடற்பாலத்து ஆபீசில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். நான் இன்னும் போய்த் தொட்டுப் பார்க்கவில்லை.

உன் பிள்ளைகளுக்குப் பெரியம்மா என்றால் யாரோ ஒரு சொந்தக்காரி என்றுதான் படும், இந்த இடத்தை மட்டும் நீயே படித்துக் காட்டு. அவள் நீராவிக் கப்பல். அவள் பெயர் பக்கவாட்டில் எழுதியிருந்தது, நம் ஆட்கள் ஒருத்தர் வாயிலும் அது நுழையவில்லை. தூரத்தில் வரும்போதே அதட்டிக்கொண்டு வருவாள், வந்தவர்களையெல்லாம் ஏற்றிக்கொள்வாள், அதனால் பெரியம்மா ஆகிவிட்டாள். நாற்பத்தாறு வருஷம் இந்தக் கரையோரமாகவே போய் வந்தாள், ஒன்பது துறை, போக ஒரு நாள், வர ஒரு நாள். மேல்தட்டில் பிரம்பு பெஞ்சு, கீழ்த்தட்டில் ஆடு, மூட்டை, கல்யாணச் சாமான், ஒரு முறை பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள்கள், அவற்றுக்குப் பக்கத்திலேயே அந்தப் பரீட்சை எழுதப்போகிற பிள்ளைகள். பல் பிடுங்குகிறவர் ஒருவர் அதிலேயே குடியிருந்தார், வலியோடு ஒரு துறையில் ஏறினால் அடுத்த துறையில் பல்லைக் கையில் வாங்கிக்கொண்டு இறங்கலாம். நீ பிறந்த அன்று மருத்துவச்சியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனதும் அவள்தான்.

நம்முடையது ஆழமில்லாத துறை, பெரியம்மா பாலத்தை ஒட்டி வர முடியாது, கூப்பிடு தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்பாள், படகில் போய் ஏற வேண்டும். எல்லா நடையும் நிற்கவும் மாட்டாள். ஏற ஆள் இருந்தால் நான் பாலத்துக் கம்பத்தில் மஞ்சள் கொடியை ஏற்றுவேன், அதைப் பார்த்தால்தான் உள்ளே திரும்புவாள். கொடி இல்லையென்றால் ஒரு சங்கு ஊதிவிட்டு வெளியோடு போய்விடுவாள். அதில் இன்னொரு பாதி இருக்கிறது, அதுதான் முக்கியம். ஆள் ஏறியாயிற்று, இனி யாரும் இல்லை என்றால் நான் கொடியை இறக்க வேண்டும். கொடி இறங்காமல் நங்கூரத்தைத் தூக்கக் கூடாது என்பது அவர்கள் சட்டம். கம்பத்தில் துணி ஆடிக்கொண்டிருந்தால் இன்னும் ஆள் வருகிறது என்று அர்த்தம். இருபத்திரண்டு வருஷம் ஏற்றி இறக்கினேன், ஊரில் எனக்குக் கொடிக்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது, உனக்குப் பள்ளிக்கூடத்தில் கொடிக்காரர் பொண்ணு. அதற்காக நீ ஒருத்தியைக் கடித்துவைத்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். உனக்குப் பத்தொன்பது வயது, நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்து நீ போக வேண்டிய நாள். உன் பெட்டியைக் காலையிலேயே பாலத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். அன்றைக்கு ஏற வேறு யாரும் இல்லை, நீ ஒருத்திதான், உனக்காகத்தான் கொடியை ஏற்றினேன். நீ மாடி அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு போகமாட்டேன் என்று உட்கார்ந்ததும், அம்மா கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கியதும், கடைசியில் நீ மனசு மாறித் தலை வாரிக்கொண்டு ஓடிவந்ததும் உனக்குத் தெரியும். நீ வந்தபோது பெரியம்மா புகையாகத் தெரிந்தாள். வந்த உடனே கிளம்பிட்டாம்மா, என்ன செய்யறது, அடுத்த வாரம் போகலாம் என்று நான் சொன்னேன். அன்று பொழுது சாய்வதற்குள் பெரியம்மா முகத்துவாரத்தில் போய்விட்டாள். நீ அடம்பிடித்ததால் பிழைத்தாய் என்று ஊரே உன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தது. நீயும் அப்படியேதான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாய், போன வருஷம் பெரியவன் எங்கம்மாவின் அதிர்ஷ்டம் என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கி எனக்குப் போனில் படித்துக் காட்டினான். கேட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மாடி, பெரியம்மா வந்த உடனே கிளம்பவில்லை. நான் உன்னிடம் பொய் சொன்னேன். வழக்கமாகப் பத்து நிமிஷம் நிற்பாள், அன்றைக்கு ஐம்பது நிமிஷம் நின்றாள். நான் கொடியை இறக்கவில்லை. உன் பெட்டி என் காலடியில் இருந்தது, படகுக்காரர் துடுப்பைப் போட்டுவிட்டு பீடி பற்றவைத்துவிட்டார், நான் தெருமுனையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இதோ வந்துவிடுவாள், இதோ வந்துவிடுவாள் என்று. கேப்டன் மேலே வந்து தகரக் குழலை வாயில் வைத்து, என்ன கொடிக்காரரே, பொண்ணு இன்னும் தலை வாரி முடிக்கலையா, ஒரு முடிக்கு ஒரு நிமிஷமா என்று சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டு, கொஞ்சம் பொறுங்க என்று கையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, தண்ணி எறங்கிடும்ங்க, பாத்துக்குங்க என்றார். அப்போதும் கையைத்தான் காட்டினேன். அவர் என்னை விட்டுவிட்டுப் போயிருக்கலாம், கம்பத்தில் கொடி இருக்கும்போது போக மாட்டார், அந்த மனிதர் அப்படி. ஐம்பதாவது நிமிஷத்தில்தான் நான் கயிற்றை அவிழ்த்துக் கொடியை இறக்கினேன்.

முகத்துவாரத்தில் மணல்திட்டு இருக்கிறது உனக்குத் தெரியும், தண்ணீர் ஏறியிருக்கும்போது மட்டும்தான் கப்பல் அதைத் தாண்டி ஆற்றுக்குள் போகும், உள்ளே போய்விட்டால் எந்தக் காற்றும் ஒன்றும் செய்யாது. பெரியம்மா அங்கே போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் இறங்கிவிட்டது. நாற்பது நிமிஷம் முன்னால் போயிருந்தால் தாண்டியிருப்பாள். அடுத்த ஏற்றத்துக்காக வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருந்தார்கள், காத்திருந்தபோது காற்று பிடித்துக்கொண்டது, நங்கூரம் நிற்கவில்லை, திட்டில் கொண்டுபோய் அடித்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஐம்பத்தெட்டுப் பேரில் கரைசேர்ந்தது பதினொரு பேர். பல் பிடுங்குகிறவர் போய்விட்டார். கீழ்த்தட்டில் ஒரே வீட்டில் ஆறு பேர். கேப்டனும் வரவில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். கப்பல் அவ்வளவு நேரம் ஏன் நின்றது, கொடி மேலே இருந்ததா என்று கேட்டார். பத்து நிமிஷத்துல எறக்கிட்டேன், நான் கொட்டகைக்குள்ள போயிட்டேன், அவங்க ஏன் நின்னாங்கன்னு எனக்குத் தெரியாது என்று சொன்னேன். படகுக்காரர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன், அவரும் நான் சொன்னதையே சொல்லிவிட்டார், பாவம், அவர் போய்ச் சேர்ந்தே பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பிழைத்தவர்கள் யாரும் கம்பத்தைப் பார்க்கவில்லை. ஒரு பயணி மட்டும், கேப்டன் கரையில் யாரையோ பார்த்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார் என்றார். அதை வைத்து, கேப்டன் வேடிக்கை பேசித் தக்க காரணமின்றித் தாமதித்தார் என்று எழுதி முடித்துவிட்டார்கள். ஆபீஸ் சுவரில் இருந்த அவர் படத்தைக் கழற்றினார்கள். ஊர் அதோடு விடுமா, சிரித்துப் பேசினது யாரோடு, இந்தத் துறையில் அவருக்கு இன்னொருத்தி இருந்திருப்பாள் என்று ஆரம்பித்தது. அதற்குள் நீ படிப்புக்குப் போய்விட்டாய், இதில் எதுவும் உன் காதுக்கு வராமல் நான் பார்த்துக்கொண்டேன். அவர் மனைவி முப்பத்தொரு வருஷம் அதைக் கேட்டுக்கொண்டு, பின்தெருவில் ஒரு அறையில் தையல் மெஷின் போட்டுப் பிழைத்தார். உனக்காகத்தான் பொய் சொன்னேன், உன் தலையில் அவ்வளவு உயிரும் விழுந்துவிடக் கூடாது என்றுதான் சொன்னேன் என்று இத்தனை நாளும் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். பாதி அதுதான். மீதிப் பாதி எனக்குப் பயம்.

உன் அம்மாவிடம் நான் இதைச் சொன்னதே இல்லை. அவள் போன பிறகு பீரோவைக் காலி செய்தபோது தலையணை உறைகளாக வந்தன. நம் வீட்டில் தலை நான்கு, உறை நாற்பதுக்கு மேல், எல்லாம் புதுசு, மடிப்புக் கலையவில்லை. ஓரத் தையலைப் பார்த்ததுமே தெரிந்தது, எல்லாம் கேப்டன் மனைவி தைத்தவை. அவ்வப்போது துணி எடுத்துக்கொண்டு போய் அங்கே கொடுத்து வாங்கியிருக்கிறாள். அன்றைக்கு நீ கதவைத் திறந்த நேரமும் அவளுக்குத் தெரியும், பெரியம்மா சங்கு ஊதிக் கிளம்பிய நேரமும் அவளுக்குத் தெரியும், கூட்டிக் கழித்துப் பார்க்க அவளுக்கா தெரியாது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே போய்விட்டாள்.

பெரியம்மா அகப்பட்டதும், போனவர்கள் பெயரையெல்லாம் ஒரு கல்லில் வெட்டிக் கடற்பாலத்தில் வைப்பது என்று குழு போட்டார்கள். அண்ணனைப் பறிகொடுத்த பள்ளிக்கூடத்து டீச்சர் இருக்கிறாரே, அவர்தான் முன்னால் நின்று நடத்துகிறார். பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டு, கல்லைத் திறக்கிற அன்று மஞ்சள் கொடியை நீங்கள்தான் ஏற்ற வேண்டும் என்று நாற்காலி போட்டு மரியாதை செய்தார்கள். பிறகு பெயர்களை வாசித்தார்கள், நாற்பத்தாறு. கேப்டன் பெயர் இல்லை. யாரோ கேட்டதற்கு, நாப்பத்தாறு பேரைக் கொன்னவன் பேரையும் அதே கல்லுல வெட்டணுமா என்றார் ஒருவர். கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன், அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலையில் கேப்டன் மனைவி வீட்டுக்குப் போனேன். ஏதோ தைக்கக் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்துக் கையை நீட்டினார். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கொடி, உன் பெட்டி, நாற்பது நிமிஷம், விசாரணையில் சொன்னது. அவர் மெஷினை நிறுத்தவில்லை, மிதித்துக்கொண்டே இருந்தார், துணி முடிந்துவிட்டது, வெறும் ஊசி ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் நிறுத்திவிட்டு, அப்ப அவர் சிரிச்சுப் பேசினது உங்களோடவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். என்ன பேசினாரு என்றார். ஒரு முடிக்கு ஒரு நிமிஷமா என்று கேட்டதைச் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார், சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. என்னையும் அதையேதான் கேப்பாரு, எங்க கிளம்பினாலும் அதே வார்த்தைதான் என்றார். அன்றைக்கு என்ன போட்டிருந்தார், எங்கே நின்றார், முகம் எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பழுப்புக் கோட்டு, ஒரு கையில் டம்ளர், ஏணிப்படிப் பக்கம் நின்றார் என்று எனக்கு நினைவிருந்த மட்டும் சொன்னேன். கரையிலிருந்து அவரைக் கடைசியாகப் பார்த்தவன் நான், பார்க்கவில்லை என்று சொல்லி அந்தக் கடைசிப் பார்வையையும் அந்த அம்மாளிடமிருந்து பிடுங்கி வைத்திருந்தேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே குழுவில் எழுதிக் கொடுத்து, எல்லோர் முன்னாலும் வாசித்தும் விட்டேன். டீச்சர் அந்தத் தாளை வாங்கி மறுபடி படித்தார். பிறகு, உங்க பொண்ணு இருக்கா, எங்கண்ணன் இல்ல என்றார், அவ்வளவுதான். கேப்டன் பெயர் கல்லில் முதலாவதாக வருகிறது, அவர் படத்தையும் திரும்ப மாட்டிவிட்டார்கள். இனி இந்த ஆள் கொடியைத் தொடக் கூடாது என்று நாலைந்து பேர் எழுந்தார்கள், நியாயம்தான் என்று நானும் எழுந்தேன். அப்போதுதான் கேப்டன் மனைவி கடைசி வரிசையிலிருந்து பேசினார். ஏத்துறத யார் வேணா ஏத்தட்டும், எறக்குறத அவரே எறக்கட்டும், நேரத்துக்கு எறக்கட்டும் என்றார். அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

இதெல்லாம் உன் காதுக்கு எப்படியும் வரும், அதற்கு முன்னால் என் கையால் வர வேண்டும் என்றுதான் எழுதினேன். இனிமேல்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். உன் மேல் ஒரு குற்றமும் இல்லை. பத்தொன்பது வயதுப் பெண் வீட்டை விட்டுப் போகப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டது ஊர் உலகத்தில் நடக்காததா. நீ கதவைத்தான் சாத்தினாய், கயிறு என் கையில் இருந்தது. ஐந்தாவது நிமிஷம் இறக்கியிருக்கலாம், பத்தாவது நிமிஷம் இறக்கியிருக்கலாம், என் மகள் வரமாட்டாள் என்று ஊருக்கு முன்னால் ஒத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் இதுவும் பொய்க்கடிதம் ஆகிவிடும். நீ நேரத்துக்கு வந்திருந்தால் பெரியம்மாவும் நேரத்துக்குப் போயிருப்பாள், எல்லோரும் இருந்திருப்பார்கள், நீயும் இருந்திருப்பாய். முப்பத்தைந்தாவது நிமிஷம் வந்திருந்தால் நீயும் போயிருப்பாய். இதைப் போட்டுப் போட்டு உருட்டுகிறேன், எப்படி உருட்டினாலும் கடைசியில் நீ இருக்கிறாய் என்கிற இடத்தில் வந்து எனக்கு மூச்சு வருகிறது. நாற்பத்தேழு உயிரை நினைத்தால் அப்படி மூச்சு விடுவது எவ்வளவு பெரிய பாவம். ஆனாலும் விடுகிறேன், என் கண்ணே, பெற்றவனுக்கு வேறு வழி இல்லை.

பெரியவனின் கட்டுரையைக் கிழித்துப்போட வேண்டாம், பரிசும் இருக்கட்டும், அவன் வளர்ந்ததும் இந்தக் கடிதத்தைக் கொடு. என் மேல் கோபம் வந்தால் கோபப்படு, மனதுக்குள் வைத்துக்கொண்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, மாப்பிள்ளையிடம் சொல்லி அழு, அவர் நல்ல மனிதர், கேட்டுக்கொள்வார். கண்ணாடி பவர் பார்க்க வேண்டும் என்றாயே, தள்ளிப்போடாமல் போய்ப் பார். சின்னவளுக்கு இருமல் நின்றதா என்று எழுது. நீங்கள் நால்வரும் நீண்ட ஆயுளோடு, பொய் சொல்ல வேண்டிய நிலைமை வராமல், மனசு குளிர்ந்து வாழ வேண்டும் என்று உன் அம்மாவின் பங்கையும் சேர்த்து ஆசீர்வதிக்கிறேன்.

ஒன்றை மட்டும் மறக்காதே. அடுத்த மாதம் இருபதாம் தேதி காலை பத்து மணிக்குக் கல்லைத் திறக்கிறார்கள், பத்தே காலுக்கு நான் கொடியை இறக்க வேண்டும். நீ வருவாயா மாட்டாயா என்று முன்கூட்டியே ஒரு வரி எழுதிவிடு. வரவில்லை என்றாலும் எழுது, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஒன்றும் தெரியாமல் அந்தக் கம்பத்தடியில் போய் நின்றேனென்றால், மறுபடியும் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
கொடிக்காரர்